கலேவலாவும் மின்கிட்டாரும்

பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலா 1835-ஆம் ஆண்டில்தான் நூலாக அச்சேறியது என்றாலும், அதிலுள்ள அடிகள் அதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாகக் கரேலியப் பகுதியின் காட்டோரக் கிராமங்களில் பாட்டாக வழங்கி வந்தன. நூல் வடிவம் பெற்ற பிறகு அது பள்ளிகளில் பாடமாகவும், ஓவியர்களுக்குக் கருப்பொருளாகவும், அடிமைப்பட்டிருந்த ஒரு மக்களுக்குத் தங்கள் மொழியின் மீது நம்பிக்கை ஊட்டிய சான்றாகவும் விளங்கியது. ஆனால் எழுத்தில் ஏறியது சொல் மட்டுமே, மெட்டு ஏறவில்லை. அந்தச் சொற்களை மீண்டும் பாட்டாக்கும் முயற்சிகள் அதன்பின் பல தோன்றின. அவற்றுள் மிகவும் எதிர்பாராத ஒன்று, 1994-இல் ஹெல்சிங்கி நகரத்து இளைஞர்கள் சிலர் இரைச்சல் மிகுந்த மின்கிட்டார்களோடும் தொண்டையடியிலிருந்து எழும் உறுமல் குரலோடும் செய்தது. அமோர்ஃபிஸ் என்ற அந்த ராக் குழுவின் பணியை ஆராய்ந்தால், பழங்கவிதைக்கு இசை அமைக்கும்போது எது தங்குகிறது, எது நழுவுகிறது என்பதற்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

எஸா ஹொலொபைனென், தொமி கொய்வுசாரி ஆகிய கிட்டார் கலைஞர்களும், மேளக் கலைஞர் யான் ரெக்பெர்கெரும், பேஸ் கிட்டார் வாசித்த ஒல்லி-பெக்கா லைனெயும் சேர்ந்து 1990-இல் அமோர்ஃபிஸைத் தொடங்கியபோது, அவர்கள் தேர்ந்துகொண்டது டெத் மெட்டல் என்ற இசைவகையை. ராக் இசையின் கடுமையான கிளைகளுள் ஒன்றான இதில் கிட்டாரின் சுருதி வழக்கத்தைவிடத் தாழ்த்தப்பட்டிருக்கும். அதன் ஒலி மின்கருவிகளால் வேண்டுமென்றே கரகரப்பாக்கப்பட்டிருக்கும். பாடகர் சொற்களைப் பாடாமல் ஆழ்ந்த உறுமலாக வெளிப்படுத்துவார். பாட்டின் முதுகெலும்பாக அமைவது 'ரிஃப்' எனப்படும் குறுகிய கிட்டார்த் தொடர். அது திரும்பத் திரும்ப ஒலித்துப் பாட்டைச் சுமந்து செல்லும். குழுவின் முதல் இசைத்தொகுப்பு, கரேலிய நிலச்சந்தியின் பெயரைத் தாங்கி 1992-இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின் விளைவாகப் பின்லாந்து சோவியத் ஒன்றியத்திடம் இழந்த நிலப்பகுதி அது. எனினும் அத்தொகுப்பின் பாடல்களுக்குக் கலேவலாவோடு தொடர்பு இல்லை. பெயர் மட்டுமே தாய்நாட்டைச் சுட்டியது.

இக்குழு பின்னர் கையிலெடுத்த கவிதையின் இயல்பை அறிய, எலியாஸ் லொண்ரொத் என்ற மருத்துவரின் பணியை அறிய வேண்டும். 1802-இல் பிறந்த இவர், பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் ஒரு தன்னாட்சிப் பகுதியாக இருந்த காலத்தில், கயானி என்ற சிற்றூரில் மாவட்ட மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே, நடந்தும் படகேறியும் பனிச்சறுக்கியும் கரேலியக் கிராமங்களுக்குச் சென்று வாய்மொழிப் பாடல்களை எழுதியெடுத்தார். லத்வயார்வி என்ற ஊரின் பாடகர் அர்ஹிப்பா பெர்த்துனென் ஒருவரிடமிருந்தே 4,000-க்கும் மேற்பட்ட அடிகள் அவருக்குக் கிடைத்தன. இப்படிச் சேர்ந்த பாடல்களைக் கோத்து 1835-இல் முதற்பதிப்பை வெளியிட்டவர், மேலும் கிடைத்தவற்றையும் சேர்த்து 1849-இல் 50 பாடல்களும் 22,795 அடிகளும் கொண்ட விரிந்த பதிப்பை உருவாக்கினார். இன்று கலேவலா என்று எல்லோரும் படிப்பது இந்த இரண்டாம் பதிப்பையே. காவியத்தில் அடங்காத தனிப்பாடல்களை, குறிப்பாகப் பெண்கள் பாடிய தாலாட்டு, திருமணப் பாட்டு, துயரப் பாட்டு முதலியவற்றை, அவர் 1840-இல் கந்தெலெதார் என்ற தனித்தொகுப்பாக்கினார். கந்தெலே என்பது மடியில் வைத்து விரலால் மீட்டும் நரம்புக் கருவி. பழைய வடிவில் அதற்கு ஐந்து நரம்புகளே உண்டு.

இப்பாடல்களின் யாப்பு கடுமையான ஒழுங்குடையது. ஓர் அடிக்கு எட்டு அசைகள். இங்கே அசை என்பது ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலிக்கூறு, தமிழ் யாப்பின் நேரசை நிரையசை அன்று. ஃபின்னிய மொழியில் சொல்லின் முதல் அசையே எப்போதும் அழுத்தம் பெறும். அந்த அசை நெடிலாகவோ ஒற்றடுத்தோ நின்றால் அடியின் வலுவான இடத்திலும், தனிக்குறிலாக நின்றால் வலுவற்ற இடத்திலும் வரவேண்டும் என்பது அடிப்படை விதி. அடிக்குள் சொற்கள் மோனையால் பிணைக்கப்படுகின்றன. அடியிறுதியில் இயைபு கட்டாயமில்லை. ஓர் அடி சொன்ன செய்தியை அடுத்த அடி வேறு சொற்களில் மீண்டும் சொல்லி ஆழப்படுத்துவது இதன் மற்றொரு இலக்கணம். பாடகருக்கு இது நினைவுக்கு ஊன்றுகோலாகவும், அடுத்ததைச் சிந்திக்கக் கிடைத்த அவகாசமாகவும் பயன்பட்டது. கேட்பவருக்கோ, கதை அவசரமின்றி அலையலையாக முன்னேறும் உணர்வைத் தந்தது.

இந்த எட்டு அசைகள் பாடப்பட்ட முறையும் தனித்தன்மை உடையது. முதல் ஆறு அசைகள் அரைத்தட்டு வீதம் மூன்று தட்டுகளிலும், கடைசி இரண்டு அசைகள் தட்டுக்கு ஒன்றாக இரண்டு தட்டுகளிலும் அமைய, ஓர் அடி ஐந்து தட்டுகளில் நிறைவுறும். மெட்டு பெரும்பாலும் அடுத்தடுத்த ஐந்து சுரங்களுக்குள்ளேயே ஏறி இறங்கும். இரண்டடிக்கு ஒரு மெட்டு என்ற கணக்கில் அதுவே நூற்றுக்கணக்கான அடிகளுக்கும் திரும்பத் திரும்ப வரும். குறுகிய சுர எல்லை, இடைவிடாத மீள்வருகை ஆகிய இவ்விரண்டு பண்புகளும் ரிஃப் என்ற ராக் உத்திக்கு இயல்பாகவே அருகில் நிற்பவை என்பது கவனிக்கத்தக்கது.

ராக் இசைக்கு முன்பே கலேவலாவை அரங்கிசையாக்கியவர் ஜான் சிபெலியுஸ். கரேலியப் பாடகி லாரின் பரஸ்கெயின் பாட்டை நேரில் கேட்ட அவர், காவியத்தின் துயரநாயகனான குல்லர்வோவைப் பற்றித் தனிப்பாடகர்களும் ஆண்குரல் சேர்ந்திசையும் வாத்தியக் குழுவும் பங்கேற்கும் பெரும்படைப்பை 1892-இல் அரங்கேற்றினார். அதன் நடுப்பகுதியில் ஐந்து தட்டுத் தாளத்தை அவர் கையாண்டது, பழைய பாட்டுமுறையின் நேரடித் தடம். அதே பத்தாண்டில் அக்செலி கல்லென்-கல்லெலா என்ற ஓவியர் காவியக் காட்சிகளைத் தீட்டினார். 1917-இல் பின்லாந்து விடுதலை பெறும்போது, கலேவலா வீரமும் பெருமிதமும் நிறைந்த தேசச் சின்னமாக நிலைபெற்றுவிட்டிருந்தது. இந்தச் சின்னத்தின் கனத்தைத் தாண்டித்தான் பிற்காலத்து இசைக்கலைஞர் எவரும் அந்தக் கவிதையை அணுக வேண்டியிருந்தது.

அமோர்ஃபிஸ் 1994-இல் வெளியிட்ட இரண்டாம் தொகுப்பின் பெயர் 'ஆயிரம் ஏரிகளின் கதைகள்' என்று பொருள்படும். ஏறத்தாழ 1,88,000 ஏரிகளைக் கொண்ட பின்லாந்துக்கு 'ஆயிரம் ஏரிகளின் நாடு' என்ற செல்லப்பெயர் உண்டு. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில், டெத் மெட்டல் குழுக்களுக்குப் பெயர்பெற்ற சன்லைட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான இத்தொகுப்பின் பாடல்வரிகள் முழுவதும் கலேவலாவின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தழுவியவை. கதையை முதலிலிருந்து இறுதிவரை சொல்லும் முயற்சி எதுவும் இதில் இல்லை. பாட்டுக்கு ஒரு காட்சி, ஒரு மனநிலை என்று சில அடிகளை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டனர். காஸ்பெர் மார்டென்சன் வாசித்த கீபோர்டும், 1970-களின் ராக் இசையை நினைவூட்டும் மூக் என்ற பழைய மின்னிசைக் கருவியும், நாட்டார் மெட்டுகளைப் போலப் படிப்படியாக ஏறி இறங்கும் கிட்டார்த் தொடர்களும் சேர்ந்து, அந்நாளைய டெத் மெட்டலில் அரிதாகவே கேட்ட இனிமையை உறுமல் குரலுக்கு அடியில் பரப்பின.

எதைத் தேர்ந்தார்கள் என்பதில்தான் குழுவின் நோக்கு வெளிப்படுகிறது. தொகுப்பின் மிகப் புகழ்பெற்ற பாடலான 'கருத்த குளிர்கால நாள்', காவியத்தின் 22-ஆம் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. வானத்தைக் கொட்டிச் செய்த கொல்லன் இல்மரினன், பொஹ்யொலா என்ற வடநாட்டின் மகளை மணந்து அழைத்துச் செல்லும் வேளையில், பிறந்த வீட்டைப் பிரியும் மணப்பெண் தன் மனத்தின் இருளைச் சொல்லிப் புலம்பும் பகுதி அது. கரேலியத் திருமணங்களில் மணப்பெண்ணுக்காகப் புலம்பல் பாடுவதற்கென்றே தேர்ந்த பெண்கள் இருந்தார்கள். நம் ஒப்பாரியைப் போல அதற்கும் வழிவழி வந்த சொல்முறை உண்டு. பிறருடைய மனம் வசந்தம்போல் இருக்கத் தன் மனம் மட்டும் ஏன் இப்படி என்று கேட்கும் இளம்பெண்ணின் சொற்களைத் தொமி கொய்வுசாரியின் உறுமல் குரல் ஏற்கும்போது, பேசுபவரின் பாலும் வயதும் மறைந்து துயரத்தின் எடை மட்டும் நிற்கிறது. வன்முறையையும் சாவையும் பாடுவதற்கே ஏற்றது என்று கருதப்பட்ட ஒரு குரலைப் பிரிவுத்துயருக்குப் பயன்படுத்தியது இத்தொகுப்பின் துணிவு.

'மூழ்கிய கன்னி' என்ற மற்றொரு பாடல், முதிய ஞானி வைனாமொயினனை மணக்க விரும்பாமல் நீரில் மூழ்கி மறையும் ஐனோவைப் பற்றியது. இங்கே ஒரு நுட்பமான செய்தி உண்டு. நாட்டார் மரபில் வழங்கிய மூலப்பாடலில் அந்தப் பெண் தூக்கிட்டு இறக்கிறாள். அவளுக்கு நிலையான பெயரும் இல்லை. 'ஒரே' என்ற பொருளில் வந்த ஓர் அடைமொழியைப் பெயராக்கி, சாவை நீருக்கு மாற்றி, அவளை வைனாமொயினனின் கதையோடு இணைத்தவர் லொண்ரொத். குல்லர்வோ என்ற பாத்திரமும் இப்படித்தான்: வெவ்வேறு பாடல்களில் சிதறிக் கிடந்த நிகழ்ச்சிகளை ஒருவன் வாழ்க்கையாகக் கோத்ததும் அவர்தான். காவியத்தில் முற்றிலும் அவர் சொந்தமாக இயற்றிய அடிகள் மிகக் குறைவு என்றாலும், வரிசையும் தொடர்ச்சியும் அவருடையவை. ஆகவே, மெட்டல் குழுவினர் தொட்டது மாசுபடாத மூலம் ஒன்றை அன்று. ஏற்கெனவே தேர்ந்து, வெட்டி, ஒட்டப்பட்ட ஒரு வடிவத்தை. ஒவ்வொரு பாடகரும் தம் நினைவுக்கும் சூழலுக்கும் ஏற்ப அடிகளை மாற்றிப் பாடிய மரபில் லொண்ரொத் தம்மையும் ஒரு பாடகராகவே கருதினார் என்பதையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும்.

1996-இல் வந்த மூன்றாம் தொகுப்பான 'எலெஜி', அதாவது இரங்கற்பா, கந்தெலெதாரை அடிப்படையாகக் கொண்டது; கீத் பாஸ்லி 1992-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பே பாடல்வரிகளுக்கு ஆதாரம். அனாதையின் முறையீடு, ஏழை பணக்காரர் வேறுபாடு, பிறவாமலே இருந்திருக்கலாம் என்ற மனக்கசப்பு என்று, காவிய நாயகர் எவரும் இல்லாத எளிய மனிதர்களின் குரல்கள் இதில் நிறைந்துள்ளன. பாஸி கொஸ்கினென் என்ற பாடகர் புதிதாகச் சேர்ந்ததால், உறுமலோடு தெளிவான பாட்டுக்குரலும் மாறிமாறி ஒலிக்கும் அமைப்பு வலுப்பெற்றது. சொல்லைக் காட்டிலும் ஓசையையே நம்பியிருந்த இசைவகைக்குள், சொல் கேட்போர் காதில் விழவேண்டும் என்ற தேவையைக் கவிதை கொண்டுவந்ததன் விளைவு இது எனலாம்.

அத்தொகுப்பிலுள்ள 'என் கந்தெலே' என்ற பாடலை நெருங்கிப் பார்க்கலாம். கலேவலாவின் 40-ஆம் பாடலில் வைனாமொயினன் ஒரு பெரிய கோலாசி மீனின் தாடையெலும்பால் முதல் கந்தெலேயைச் செய்கிறான். அது கடலில் தொலைந்த பிறகு, 44-ஆம் பாடலில் பூர்ச்ச மரத்தால் இன்னொன்றைச் செய்கிறான். கந்தெலெதாரின் தொடக்கப் பாடலோ இந்தக் கதையைப் பொய் என்று மறுக்கிறது: வாத்தியம் மீனெலும்பாலோ மரத்தாலோ ஆனதன்று, துயரங்களால் ஆனது, அதன் உடல் கொடிய நாட்களால் கடையப்பட்டது, நரம்புகள் வேதனைகளால் முறுக்கப்பட்டவை, முளைகள் பிற இன்னல்களால் ஆனவை, ஆகவே அது களிப்பாக ஒலிக்காது என்பது அப்பாடலின் வாதம். காவியத்தின் வீரக்கதைக்குப் பெண்கள் பாடிய தனிப்பாடல் மரபு அளித்த மறுமொழி என்றே இதை வாசிக்கலாம். அமோர்ஃபிஸ் இப்பாடலை ஒரே தொகுப்பில் இருமுறை அமைத்தது. ஒன்று மின்கருவிகளின் முழு வீச்சோடும், மற்றொன்று தொகுப்பின் கடைசியில் மின்னொலி நீக்கிய மெல்லிய வடிவத்திலும். இரண்டிலும் மெட்டு ஒன்றே என்பதால், கேட்பவர் இரைச்சலைக் கழித்துவிட்டு அடியில் எஞ்சுவது என்ன என்று தாமே சோதித்தறிய முடிகிறது. எஞ்சுவது எளிதில் மனத்தில் தங்கும் ஒரு நாட்டார் மெட்டின் சாயல்.

சில ஆண்டுகள் காவியத்திலிருந்து விலகியிருந்த குழு, தொமி யொவுட்சென் 2005-இல் பாடகராகச் சேர்ந்த பின் மீண்டும் அதற்குத் திரும்பியது. 2006-இல் வந்த 'எக்லிப்ஸ்' என்ற தொகுப்பு, கவிஞர் பாவோ ஹாவிக்கோ குல்லர்வோவைப் பற்றி எழுதிய நாடகத்தை அடிப்படையாகக் கொண்டது. அடுத்து, பெக்கா கைனுலைனென் என்ற கலைஞர் புதிதாக எழுதிய வரிகள் பயன்பட்டன. அவர் ஃபின்னிய மொழியில் எழுதியதை எர்க்கி விர்தா ஆங்கிலமாக்கினார். 2007-இன் தொகுப்பு காதலும் சாகசமும் நிறைந்த லெம்மின்கைனனையும், 2009-இன் தொகுப்பு கொல்லன் இல்மரினனையும், 2011-இன் தொகுப்பு வைனாமொயினனையும் மையமாகக் கொண்டன. இல்மரினன் உருவாக்கும் 'சம்போ' என்ற மாயத் திரிகை, தானியமும் உப்பும் பொன்னும் ஓயாமல் அரைத்துத் தருவது; 2009-இன் தொகுப்பில் அதற்கென்றே ஒரு பாடல் உண்டு. முதற்கட்டத்தில் மூல அடிகளின் மொழிபெயர்ப்பைப் பாடிய குழு, இரண்டாம் கட்டத்தில் காவிய மாந்தரைப் புதிய கவிஞரின் குரலில் பேசவைத்தது என்று இவ்வளர்ச்சியைச் சுருக்கலாம்.

இம்முயற்சியின் மீது நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. ஆங்கிலத்தில் பாடும்போது எட்டசை அடியும், நெடில் குறில் ஒழுங்கும், மோனையும் போய்விடுகின்றன. பாஸ்லியே தம் மொழிபெயர்ப்பில் மூலத்தின் சந்தத்தைப் பின்பற்றாமல், அசை எண்ணிக்கையால் அமைந்த வேறோர் அடியைத்தான் கையாண்டார். ஐந்து தட்டுத் தாளமும் நான்கு தட்டு ராக் தாளத்துக்கு வழிவிட்டது. இப்படி யாப்பும் மொழியும் தாளமும் நீங்கியபின் அது கலேவலா ஆகுமா? காவியத்தின் ஒலியமைப்பைக் காப்பதே அளவுகோல் என்றால், 1983-இல் வட கரேலியாவின் ராக்கிலா என்ற ஊரில் தோன்றி, பெண்குரல்களை முன்னிறுத்தி ஃபின்னிய மொழியிலேயே பாடிவரும் வார்த்தினா என்ற நாட்டார் இசைக்குழுதான் மரபுக்கு நெருக்கமானது என்று சொல்லவேண்டும்.

ஆனால் இழப்பை ஈடுசெய்யும் இடம் ஒன்று உண்டு, அது மெட்டு. சொல்லிலிருந்து உதிர்ந்த மீள்வருகையை ரிஃப் ஏற்றுக்கொள்கிறது: ஒரு கிட்டார்த் தொடர் முதலில் தனித்தும், பின் கீபோர்டோடும், பின் வேறு தாள அழுத்தத்தோடும் திரும்பி வரும்போது, ஒரே செய்தியை இரண்டாம் அடி வேறு சொற்களில் சொல்லும் பழைய உத்தி இசையின் தளத்தில் நிகழ்கிறது. குறுகிய சுர எல்லைக்குள் சுற்றிவரும் மெட்டு, பழைய பாடகர்களின் ஐந்து சுர வழக்கத்தின் சாயலைக் காக்கிறது. அத்துடன், தேசச் சின்னமாகிப்போன காவியத்தில் வெற்றி முழக்கங்களை ஒதுக்கிவிட்டுப் புலம்பல்களையும் தனிமையையும் தேர்ந்தெடுத்ததன் மூலம், நூலாகும் முன் அப்பாடல்கள் வாழ்ந்த வீட்டுத் திண்ணைக்கும் வயலோரத்துக்கும் உரிய உணர்வை இக்குழு மீட்டது. பழங்கவிதைக்கு உண்மையாக இருத்தல் என்பது யாப்பெண்ணிக்கையில் மட்டும் அடங்குவதன்று. எந்த அடியைத் தேர்கிறோம், அதற்கு எந்த மெட்டைத் தருகிறோம் என்பதிலும் அது அடங்கியுள்ளது.

'ஆயிரம் ஏரிகளின் கதைகள்' தொகுப்பு வெளிவந்த அதே 1994-ஆம் ஆண்டில், பின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன் என்னும் ஆர். சிவலிங்கம், கலேவலாவின் 50 பாடல்களையும் தமிழில் கவிதையாகவே மொழிபெயர்த்து வெளியிட்டார். சிந்துவெளி எழுத்தாய்வால் தமிழுலகில் நன்கறியப்பட்ட ஹெல்சிங்கிப் பேராசிரியர் அஸ்கோ பர்போலா அதற்கு முன்னுரை எழுதினார். ஆகவே, மணப்பெண்ணின் புலம்பலைச் சொல்லும் 22-ஆம் பாடலைத் தமிழிலேயே படித்துவிட்டு அமோர்ஃபிஸின் பாடலைக் கேட்கும் வாய்ப்பு தமிழ் வாசகருக்கு உண்டு. காவியத்தில் நூற்றுக்கணக்கான அடிகளில் விரியும் அந்தப் பிரிவுக்காட்சியில் குழு எந்தச் சில அடிகளை மட்டும் எடுத்தது, எவற்றை விட்டது என்று ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு, இசையமைப்பாளர் செய்யும் முதல் விமர்சனம் அவர் பாடாமல் விட்ட அடிகளில் இருக்கிறது என்பது விளங்கும்.